வாசலில் படரும் பன்னீர் ரோஜா

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ரோஜா. பூக்கடையில் காகிதம் சுற்றி விற்கும் நீண்ட காம்பு ரோஜாவைப் பற்றி அல்ல. தோட்டத்து லயங்களின் முன்னால் வேலியோடு வேலியாய் நின்று, விடியற்காலையில் வாசனையாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்த பழைய பன்னீர் ரோஜாவைப் பற்றியும், அதன் உறவினங்களான கொடி ரோஜாக்களைப் பற்றியும் பேசப்போகிறோம். அவற்றை நம் பேரா மாநிலத்தின் சூட்டிலும் மழையிலும் எப்படி வளர்ப்பது? தோட்டத்தை விட்டு வேறிடம் போகும்போது அவற்றை எப்படி உடன் கொண்டுபோவது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

"நம் ஊருக்கு ரோஜா வராது, கேமரன் மலையில்தான் வரும்" என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை. மலையில் தானா ராத்தா பட்டணம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலிலும் அங்கே குளிர்ச்சிதான். குளிரில் மொட்டு மெதுவாக முதிர்கிறது. அதனால் இதழ்கள் மிகுந்து, பூ பெரிதாக விரிகிறது. அதே செடியைத் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கீழே கொண்டுவந்து ஈப்போவில் வைத்தால், 32 பாகை வெயிலில் மொட்டு அவசரமாக விரிகிறது. பூ சிறுத்துப்போகிறது, நிறம் வெளிறுகிறது, மழை பிடித்ததும் இலை புள்ளி விழுந்து உதிர்கிறது. ஆறே மாதத்தில் வெறுங்குச்சி நிற்பதைப் பார்த்து, "நம் கை ராசியில்லை" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். கையின் ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. செடியின் பிறப்பிடம் வேறு, நாம் வைத்த இடம் வேறு, அவ்வளவுதான்.

ரோஜாக்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வகை குளிர்நாட்டுப் பிறப்பு. பனிக்காலம் வந்து, இலையை உதிர்த்து உறங்கி எழுந்தால்தான் அது பூக்கும். அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தடவை. நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆகவே அந்த வகை நம் வீட்டில் கிளை விடும், முள் விடும், பூவை மட்டும் விடாது. இன்னொரு வகை சீன நாட்டுத் தோட்டங்களில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டது. அது குளிரை எதிர்பார்ப்பதில்லை. புதுத் துளிர் விடும்போதெல்லாம் அதன் நுனியில் மொட்டும் விடும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வணிகக் கப்பல்கள் இந்தச் சீன ரோஜாக்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றன. வழியில் கல்கத்தாவில் தங்கிச் சென்றதால், சீனத்துச் செடியே 'இந்திய ரோஜா' என்று பெயர் பெற்றது. சூடான நாட்டுக்கு ரோஜா வாங்குகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: சீன ரோஜாவின் இரத்தம் கலந்த செடியைத் தேடுங்கள்.

நம் பன்னீர் ரோஜா அப்படிப்பட்ட கலப்பில் வந்ததுதான். அதன் கதை நம்மைப் போன்ற தோட்டத்து மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய கதை. இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அக்காலத்தில் அதை பூர்போன் தீவு என்றார்கள். அங்கே நிலத்தைச் சுற்றி ரோஜாவையே வேலியாக நடுவது வழக்கம். ஒரு வரிசை சீன ரோஜா. அடுத்த வரிசை, ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் பூக்கும் வாசனை மிகுந்த டமாஸ்கு ரோஜா. சேன் பெனுவா என்னும் ஊரில் ஒருவர் தம் வேலிக்கு நட்ட கன்றுகளில் ஒன்று, மற்றவற்றைப் போல் இல்லாமல் தனித்து நின்றது. இரண்டு ரோஜாக்களும் தாமாகவே கலந்து பிறந்த பிள்ளை அது. 1817-இல் அத்தீவுக்கு வந்த பிரெயோன் என்னும் தாவரவியலார் அதைக் கவனித்தார். 1819-இல் அதன் விதை பாரிசுக்குப் போனது. அங்கிருந்து 'பூர்போன் ரோஜா' என்ற குலமே உண்டாயிற்று. தீவில் அதற்கு வைத்த பெயர் எதுவார். அந்தப் பெயர்தான் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் மாலைக்கு உதிரிப்பூவாகப் பயிராகும் வாசனை ரோஜாவுக்கு 'எட்வர்டு ரோஜா' என்று வழங்கி வருகிறது. பின்னாளில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி, கரும்பு வெட்டப் போன தீவும் அதே ரியூனியன்தான். அரண்மனைத் தோட்டத்தில் பிறக்காமல், தோட்டத்து வேலியில் பிறந்த பூ இது.

பன்னீர் ரோஜா முழுக் கொடி அன்று. ஆனால் அதன் கிளைகள் ஆள் உயரத்துக்கு மேலும் நீளும். கம்பி வேலியில் கட்டிவிட்டால் அழகாகப் படரும். முழுக் கொடியாக ஏற வேண்டுமானால், சீன ரோஜாவிலேயே கொடியாக ஏறும் வகை உண்டு. 'நுவாசெத்' என்னும் இன்னொரு குலமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், நெல் பயிரிட்ட ஒரு நிலக்காரர் தோட்டத்தில், சீன ரோஜாவும் கஸ்தூரி ரோஜாவும் கலந்து பிறந்தது அது. 1864-இல் பிரான்சில் வெளிவந்த 'மரேஷால் நீல்' என்னும் மஞ்சள் கொடி ரோஜா இந்தக் குலத்தைச் சேர்ந்தது. நம் நாற்றுக் கடைகளில் இந்தப் பெயர்களைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதில்லை. அதனால் பெயரைக் கேட்பதைவிட மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் செடி இங்கே, சமவெளியில், எவ்வளவு காலமாக நிற்கிறது? மழை மாதத்தில் இலை தங்குகிறதா? பூவில் வாசனை உண்டா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைப்பது பெரும்பாலும் கடையில் அல்ல. ஏதோ ஒரு பாட்டியின் வீட்டு வாசலில், முப்பது ஆண்டுகளாக யாரும் கவனிக்காமலே பூத்துக்கொண்டிருக்கும் செடியிடம்தான் கிடைக்கும். அதன் ஒரு குச்சி, கடையில் வாங்கும் பத்துச் செடிக்குச் சமம்.

புதிய ரோஜாவில் வாசனை ஏன் குறைந்தது என்று சிலர் கேட்கலாம். ரோஜாவின் மணம் இதழில் ஊறும் ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. கடை ரோஜாவை வளர்ப்பவர்கள் நீண்ட காம்பு, கெட்டி இதழ், பல நாள் வாடாமை ஆகியவற்றையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாசனை பின்னால் தங்கிவிட்டது. 2015-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், மணமுள்ள ரோஜாவையும் மணமற்ற ரோஜாவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மணப்பொருளை உண்டாக்க உதவும் ஒரு நொதி, மணமுள்ள பூவின் இதழில் மிகுதியாக வேலை செய்வதை அவர்கள் கண்டறிந்தார்கள். எனவே எவ்வளவு உரம் போட்டாலும் வாசனையில்லாத இனத்துக்கு வாசனை வராது. வாசனை இனத்தோடு வருவது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: வெயில் ஏறினால் மணம் காற்றோடு போய்விடும். பூவைப் பொழுது புலரும் நேரத்தில் பறிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து பழகிய பால்மரத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வளர்க்கும் முறையைப் பார்ப்போம். முதலில் இடம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருந்தால் நல்லது. இரவு பெய்த மழையும் பனியும் இலையில் தங்கி நிற்காமல் விரைவில் உலர்ந்துவிடும். கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்திலும், சுவரோடு ஒட்டியும் நடக்கூடாது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டுக் கிளையைச் சாய்த்துக் கட்டினால், பின்னாலும் காற்று ஓடும்.

அடுத்தது மண். பேராவில் இரண்டு விதமான மண்ணோடு நாம் போராட வேண்டியிருக்கிறது. பழைய ரப்பர்த் தோட்டத்து மண் புளிப்பு மிகுந்தது; ரப்பருக்கு அது ஒத்துப்போகும், ரோஜாவுக்கு ஒத்துப்போகாது. ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை மக்னீசியச் சுண்ணாம்புத் தூளைக் கலந்து இரண்டு வாரம் ஆறவிட்டால் புளிப்பு தணியும். தோட்டங்களில் ஜி.எம்.எல். என்று சொல்லும் தூள் இதுதான். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈப்போ, பத்து காஜா பக்கத்துத் தாமான்கள் பல, ஈயம் எடுத்த நிலத்தில் எழுந்தவை. அங்கே மண் வெறும் மணலாக இருக்கும். தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. அல்லது களிச்சேறாக இருக்கும். தண்ணீர் இறங்கவே இறங்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மட்கிய எரு. இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டி, பாதி மண்ணும் பாதி மட்கிய எருவுமாக நிரப்புங்கள். மாட்டு எருவோ, காய்ந்த இலை மட்கோ, செம்பனை ஆலையில் வெற்றுக்குலையை மட்க வைத்துச் செய்த உரமோ எதுவானாலும் சரி. களி நிலமானால் குழிக்குப் பதில் ஓரடி உயர மேடை கட்டி நடுங்கள்.

இப்போது கொடி ரோஜாவின் உயிரான பாடத்துக்கு வருகிறோம். பலருடைய கொடி நெடுநெடுவென்று வளர்ந்து, உச்சியில் இரண்டே பூ பூத்து நிற்கும். காரணம் என்ன? ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வளர்ச்சியை ஆளும் ஒரு பொருள் சுரந்து கீழே இறங்குகிறது. அது கீழே உள்ள கண்களை உறங்க வைக்கிறது. முருங்கையின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நுனி போனதும் உறங்கிய கண்கள் விழித்துக்கொள்கின்றன. கொடி ரோஜாவில் நுனியை வெட்டத் தேவையில்லை. நீண்ட கிளையை மெல்ல வளைத்து, வேலியில் படுக்கை வாட்டமாகக் கட்டுங்கள். கிளை படுத்ததும் நுனியின் ஆட்சி தளர்கிறது. கிளை நெடுகிலும் உள்ள ஒவ்வொரு கண்ணும் ஒரு சிறு பக்கக்கிளை விட்டு, அதன் முனையில் பூக்கிறது. இரண்டு பூ பூத்த கிளை இருபது பூ பூக்கும்.

வளைப்பதற்கு இளங்கிளையே ஏற்றது, முற்றினால் முறியும். ஒரே நாளில் வளைக்காமல், இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கட்டுவதற்குக் கம்பி வேண்டாம். பழைய துணிக்கீற்றோ வாழை நாரோ போதும். கட்டு இறுகாமல், விரல் நுழையும் அளவு தளர்ந்திருக்கட்டும்.

பூத்து முடிந்த பக்கக்கிளையை இரண்டு மூன்று கண் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுத் துளிர் வந்து, ஏறத்தாழ ஆறு ஏழு வாரத்தில் மீண்டும் பூக்கும். இந்தக் கணக்கை வைத்து நாமே பூவுக்கு நாள் குறிக்கலாம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வீட்டுப் பூவைக் கொண்டுபோக வேண்டுமா? பூசத்துக்கு 45, 50 நாள் முன்னதாக வெட்டுங்கள். தீபாவளிக்கும் அதே கணக்குதான். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நமக்கு மழை அதிகம். மொட்டு நனைந்து விரியாமலே அழுகுவது உண்டு. அந்தச் சமயத்தில் கூரை விளிம்பு ஓரளவு மறைக்கும் கிளைகளில்தான் பூவை எதிர்பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை, மழை குறைந்த நாளாகப் பார்த்து, மிகப் பழைய கிளை ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிட்டுப் புதுக் கிளைக்கு இடம் கொடுங்கள். மற்றபடி மொட்டையடிக்கக் கூடாது.

நோய்களில் நமக்குப் பெரும் எதிரி கரும்புள்ளி. அது ஒரு பூஞ்சைக் காளான். இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் அது உள்ளே நுழைய முடியும். மழையில் நனைந்த பட்டையில் பால்வெட்டினால் வெட்டுக்காயத்தில் நோய் பற்றும் என்பது மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். இங்கும் அதே சங்கதிதான். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல், காலையில் வேரடியில் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளியும், உதிர்ந்ததைக் கூட்டியும் அப்புறப்படுத்துங்கள். செடியின் கீழே கிடக்க விடாதீர்கள். வறட்சி நாட்களில் இலைக்கு அடியில் செம்பேன் வரும். அப்போது மட்டும் காலை வேளையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும். அசுவணிப் பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் அடிக்கும் மருந்தை ஒரு போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடையே இருந்தது. அதை அறவே விட்டுவிட வேண்டும். பாரகுவாட் என்னும் களைக்கொல்லி, பல உயிர்களைக் குடித்த நஞ்சு; 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் அது தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகளும் வீட்டுக்கு ஆகா. பானப் போத்தலில் இருக்கும் மருந்துக்கும் பானத்துக்கும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. மேலும் நம் ரோஜா வெறும் காட்சிப் பூ அன்று. பெண்பிள்ளைகள் தலையில் சூடுகிறார்கள். சாமிக்குச் சாத்திய இதழைப் பிரசாதமாக வாயில் போட்டுக்கொள்கிறோம். நஞ்சடித்த பூவுக்கு இவற்றில் எதற்கும் தகுதியில்லை. இதோடு இன்னொன்று: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், தண்ணீர் வாளியிலும் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒரு தடவையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டிங்கிக் காய்ச்சலுக்கு இடம் கொடுத்துப் பூ வளர்ப்பதில் பொருளில்லை.

கடைசியாக, செடியைப் பெருக்கும் வழி. இதில் நம் மக்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 1877-இல் கோலக்கங்சாரில் அன்றைய ஆங்கிலேய ஆளுநரகத் தோட்டத்தில் சில ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் நாடு முழுவதும் ரப்பர் பரவியது. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டு நல்ல ஒட்டு இனங்கள் வந்தன. நாற்று மேடையில் பட்டையைக் கீறி, கண்ணை வைத்துக் கட்டிய கைகளில் எத்தனையோ நம் பெண்களின் கைகள். ரோஜாவிலும் அதே கலைதான். ரப்பருக்குப் பட்டையைக் கதவு போல் சதுரமாகத் திறந்து கண்ணை வைப்பார்கள். ரோஜாவுக்குச் சிறு கீறலாக, குறுக்கே ஒன்றும் நெடுக ஒன்றும் போட்டுச் செருகுவார்கள். மூன்று வாரத்தில் கண் பிடித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆனால் பழைய ரோஜாவுக்கு ஒட்டுக்கூடத் தேவையில்லை. தன் வேரிலேயே நன்றாக நிற்கும். எளிய வழி பதியம். நீண்ட கிளை ஒன்றைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையைச் சிறிது கீறி, இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். பிறகு தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கலாம். குச்சி நடுவதானால், இப்போதுதான் பூத்து ஓய்ந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு சாண் நீளம் எடுங்கள். நான்கு கணு இருக்கட்டும். கீழ்முனையைக் கணுவுக்கு அடியில் சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணலும் மட்கும் கலந்த தொட்டியில் பாதி ஆழம் செருகுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலை மேலே கவிழ்த்து நிழலில் வைத்தால், நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். இழுத்துப் பார்க்காதீர்கள், புதுத் துளிர் தானே செய்தி சொல்லும்.

இந்தக் கலையை இன்று நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேராவில் ரப்பர் நின்ற நிலம் பல இடங்களில் செம்பனையாகவும், வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ போய்விட்டன, இன்னும் போகின்றன. லயத்தையும் வாசலையும் நம்மால் தூக்கிக்கொண்டு போக முடியாது. யாரும் பெயர் எழுதி வைக்காத அந்த ரோஜாச் செடி, மண்வாரி இயந்திரம் வரும் நாளில் மண்ணோடு போய்விடும். போனால் அந்த இனத்தை எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. அதன் பெயரே நமக்குத் தெரியாது. ஆனால் வீடு மாறுவதற்கு மூன்று மாதம் முன்னதாக ஒரு பதியம் போட்டால், அல்லது நான்கு குச்சி நட்டால், அது நம்மோடு வரும். ஒரே இடத்தில் மட்டும் வைக்காமல், அக்காள் வீட்டில் ஒன்று, கோயில் வளாகத்தில் ஒன்று, தமிழ்ப்பள்ளித் தோட்டத்தில் ஒன்று என்று பகிர்ந்து கொடுங்கள். ஒரு செடி பட்டுப்போனாலும் மற்றது இருக்கும். திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள தொட்டி, அடியில் நல்ல துவாரங்கள், காலை வெயில் படும் மாடத்துக் கம்பி ஆகியவை போதும். கம்பியின் உட்புறமாகக் கிளையைப் படுக்க வைத்துக் கட்டுங்கள். தொட்டியைக் கம்பிமேல் வைக்காமல் தரையில் வையுங்கள். தொட்டி மண்ணில் உரம் விரைவில் கரைந்துபோகும். ஆகவே மாதம் ஒரு கைப்பிடி மட்கிய எரு தவறாமல் போட வேண்டும்.

சொன்னவற்றைச் சுருக்கிப் பார்ப்போம். மலைச்செடியை விட்டு, நம் ஊரில் நின்று பழகிய செடியின் குச்சியை வாங்குவோம். காலை வெயிலும் காற்றும் உள்ள இடத்தில், மண்ணின் புளிப்பைத் தணித்து, எருவிட்டு நடுவோம். கிளையைப் படுக்க வைத்துக் கட்டுவோம். இலையை நனைக்காமல் வேருக்குத் தண்ணீர் விடுவோம். நஞ்சை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். ஆண்டுதோறும் ஒரு குச்சியாவது வேர் பிடிக்க வைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, கணு எது, கண் எது என்று காட்டிக்கொடுப்போம்.